ஒன்றுக்கு நூறு

சத்துவாச்சாரியில் வீட்டு ப்ளான் வரைகிறவன் நான்.
மே மாதம். பகலெல்லாம் குடித்த வெயிலை
இரவு பத்து மணிக்கு மேல்தான் மலை கக்கும்.
அந்த நேரத்தில்
மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில்
மூன்று நாளாய் விடாமல் பனி கொட்டுகிறது.

நான் பார்த்த பனி மீன் மார்க்கெட் ஐஸ்தான்.
அதனால் சீமாட்டி சறுக்குவண்டியிலிருந்து இறங்கும்போது
லேசாய் வஞ்சிர வாடை.
ரயில் நிலையத்துக்குக் காட்பாடி ஜங்ஷன்,
இரண்டாம் பிளாட்பாரம், ஒழுகும் குழாய் உட்பட.
கோடை அத்தியாயத்து ஆற்றுக்குத்தான் சிரமம்.
பாலாற்றைக் கொண்டுபோய் வைத்தேன்.
படகோடு மணலில் நிற்கிறான் கதாநாயகன்.
கோட்டை அகழியை இறைத்து ஊற்றி
ஒருவழியாய் அக்கரை சேர்த்தேன்.

மாளிகை என் தொழில். அதில் மழுப்ப முடியாது.
ஆசிரியர் பதினேழு ஜன்னல் சொல்கிறார்,
திரைச்சீலையின் நிறம், கதவுப்பிடியில் சிங்கமுகம்,
கணப்பின் மேல் நின்றுபோன கடிகாரம்.
மாடிப்படியை இடப்பக்கம் வைத்திருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அவள் அழுதுகொண்டே வலப்பக்கம் ஏறுகிறாள்.
சுவரை இடித்தேன். வேறென்ன செய்ய.

பொறுக்காமல் ஆபீஸ் ட்ரேசிங் தாளில்
ஒன்றுக்கு நூறு அளவில் வரைந்தே பார்த்தேன்.
விருந்துக்கூடம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது,
நாய்க்குக்கூட மூலையில் கம்பளம்.
சமையலறை இல்லை.

புரட்டிப் புரட்டித் தேடினேன்.
நானூறு பக்கத்தில் முப்பத்தொரு முறை தேநீர் வருகிறது,
ஒவ்வொரு முறையும் சூடாக.
எங்கிருந்து?
கொண்டுவருகிறவளுக்கு வெறும் கை மட்டும்,
அதில் ஒரு தட்டு.

காலையில் பெருக்க வந்த குணபூஷணம் எட்டிப் பார்த்தாள்.
"யார் வீடு சார்?"
"வெளியூர். பெரிய இடம்."
தாளைத் தொடாமல், விரல் ஒன்றை மேலாகவே நடத்தினாள்:
வாசல், கூடம், படி, மறுபடி கூடம்.
"பின்வாசல் எங்க சார்?
நாங்கல்லாம் எப்பிடி உள்ள வர்றது?"

தென்கிழக்கு மூலையில்
பத்துக்குப் பன்னிரண்டு போட்டேன்.
புகை போகப் பதினெட்டாவது ஜன்னல்.
பனியைத் தள்ளித் திறக்கும்படி ஒரு கதவு.

அன்றிரவு
நாயகன் மண்டியிட்டுக் காதலைச் சொல்லத் தொடங்க,
சீமாட்டி தேநீரைத் தொடவே இல்லை.
ஆறிப்போன கோப்பையை அந்தக் கை எடுத்துக்கொண்டது.
அவன் பேசட்டும் என்று விட்டுவிட்டு
அதன் பின்னாலேயே போனேன்.
உள்ளே பனி இல்லை.
எங்கள் ஊர்ச் சூடு.
திரும்பி நின்று புடவைத் தலைப்பால்
கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.