நான்காவது வட்டம்

ஓமலூர் ரோட்டு ஓட்டல் ஹாலில்
ஏசிக் குளிரில் எங்கள் சற்குணம் சார்
வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டார்.
ஒன்றுக்கு மேகம் என்று பெயர்.
ஒன்றுக்கு வாசல்.
மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்து, சில்லறை.
மார்க்கரில் மை தீர்ந்துகொண்டிருந்ததால்
சில்லறை மட்டும் வெளிறிக் கிடந்தது.

தூள் ஒன்றுதான்.
லீ பஜார் பின்சந்தில் ஒரே உருளையில் வறுபட்டு
எழுபதுக்கு முப்பது சிக்கரி கலந்து
ஒரே தொட்டியில் விழுகிறது.
அதற்கப்புறம்தான் அதற்குக் குலம் கோத்திரம்.

மேகம் ஏற்காட்டில், ஏரிக்கு எதிர்க்கடையில்
சணல் பை போட்டுக்கொண்டு நிற்கும்.
இருநூறு கிராம் முன்னூற்று அறுபது.
'மலை சொல்லாத ரகசியம்' என்று அதன்மேல் ஒரு வரி.
நான் எழுதியது, ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள்.
பெங்களூர் வண்டி வந்து நின்றால்
விலையை வாயால் சொல்லக் கூடாது,
முதலில் முகரக் கொடுக்க வேண்டும்.

வாசல் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம்.
அரைக்கிலோ இருநூற்று எண்பது,
டப்பாவுக்குள் எவர்சில்வர் ஸ்பூன்.
டாக்டர் அஞ்சனாதேவி வாங்குகிறார் என்று
பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும்,
பக்கத்து வீட்டார் வாங்குகிறார்கள் என்று
அஞ்சனாதேவியிடம்.
இரண்டு பேரும் வாங்குவதற்கு முன்பே
இரண்டு பேரும் வாங்கியிருப்பார்கள்.

சில்லறைக்குப் பேச்சே வேண்டாம் என்றார் சார்.
சரம் சரமாகத் தொங்கவிடு,
ஊறுகாய்க்கும் ஷாம்பூவுக்கும் நடுவில்.
எட்டு கிராம், ஐந்து ரூபாய்.
கை தானாக எட்டும்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில்
சரம் மாட்டிக்கொண்டிருந்தபோது
எஸ்டேட் லைன் வீட்டுச் சின்னப்பாப்பா
போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.
கால்குலேட்டர்.

"கிலோவுக்கு நூத்தி இருவத்தஞ்சு பாக்கெட்டு.
அறுநூத்தி இருவத்தஞ்சு ரூவா.
எங்கக்கா மவ ஃபேர்லேண்ட்ஸ்ல வீட்டு வேலை செய்யுது,
அங்க கிலோ ஐந்நூத்தி அறுவதுதானாமே.
மீதி அறுவத்தஞ்சு எதுக்கு,
மலையேத்துன கூலியா?
பழம் எறங்குனதும் இதே மலையிலருந்துதான்.
பதினோரு பேரு காசு போட்டிருக்கம்.
அரைக்கிலோ குடு."

வண்டியில் வாசல் இல்லை.
வாசலை நாங்கள் இந்தப் பாதையில் ஏற்றுவதில்லை.
ஆனால் என் பைக்குள் ஒன்று கிடந்தது,
அஞ்சனாதேவி திருப்பிக் கொடுத்த டப்பா.
ஸ்பூனோடு கொடுத்தேன்.
பதினோரு பேருக்கு ஒரு ஸ்பூன்,
அதற்கு ஒரு வாரம் சண்டை நடந்ததாம்,
அடுத்த முறை போனபோது சொன்னாள்.

இறங்கும் வழியில்
பதினான்காம் கொண்டை ஊசியில் ஓரம் கட்டிச்
செயலியைத் திறந்தேன்.
வாடிக்கையாளர் வகை?
மூன்று கட்டம். எதைத் தொட்டாலும் பொய்.
தொடாவிட்டால் பில் ஏறாது.
பின்னால் அரசு பஸ் அடித்த ஹாரனில்
மேகம் என்று தொட்டுவிட்டேன்.
அன்றைக்கு நிஜமாகவே மேகம் இறங்கியிருந்தது,
பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை.

"மஞ்சக்குட்டையில் எப்படிய்யா மேகம்?"
மாதக் கூட்டத்தில் சார் கேட்டார்.
சொன்னேன். கணக்கை, பதினோரு பேரை,
ஸ்பூன் சண்டையைக்கூட.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
அவர் முகம் மலர்ந்தது.
புது மார்க்கர் வரவழைத்தார்.

இந்த மாதம் என் வண்டியில் 'தோழி' இருக்கிறது.
அரைக்கிலோ முன்னூற்றைந்து.
அட்டையில் பதினோரு பெண்கள் சிரிக்கிறார்கள்,
அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிப் பல்.
உள்ளே பதினோரு பிளாஸ்டிக் ஸ்பூன்.

சின்னப்பாப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நாங்க சண்ட போட்டதக்கூட
எழுதிக்கிட்டுப் போயிட்டியா?"

நான் ஊறுகாய்ச் சரத்தை நகர்த்துவதுபோல் நகர்த்தினேன்.
அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.