மேற்படியார் மகள்

செக்கானூரணி தாண்டி
தேனி ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்.
இரண்டே முக்கால் சென்ட்.
நட்ட கல்லில் மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை.
"நம்ம வக்கீலே பாத்துத் தருவாரும்மா,
பீஸ்கூட வேணாம்" என்றார்
புரோக்கர் தங்கமாயன்.

அந்த வக்கீல்
முப்பது வருஷத்து வில்லங்கத்தை
ஒரு வடை தின்னும் நேரத்தில் படித்து முடித்தார்.
எண்ணெய் விரலைக்
கடைசிப் பக்க ஓரத்தில் துடைத்துக்கொண்டே
டைட்டில் கிளியர் என்றார்.

பெரியாஸ்பத்திரி லேபில் எனக்குப் பத்தொன்பது வருஷம்.
பார்க்காமலே "நார்மல்" எழுதும் கையைத்
தூரத்திலேயே தெரியும்.

லோன் தரும் வங்கிக்கும் ஒரு வக்கீல் இருந்தார்.
நான் தவணை கட்டாமல் போனால்
நிலம் அவர்கள் கைக்கு வருமா,
அதுதான் அவருக்குக் கவலை.

மூன்றாவதாக,
கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில்
எஸ்தர் ஞானசெல்வம்.
ஃபேன் காற்றில் காகிதம் பறக்காதிருக்க
மேலே ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி.
எட்டாயிரம். குறைக்க மாட்டார். பத்து நாள் ஆகும்.
புரட்டிக்கொண்டே வந்தவர்
ஓரிடத்தில் நிறுத்தி
"இது எனக்குப் புரியலை" என்றார்.
அந்த வார்த்தைக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஏறாத வருஷங்களுக்கு
மனுப் போட்டு நகல் வாங்கினார்.
எண்பத்து மூன்றில் ஓர் அடமானம்:
சிவனாண்டி, கிணற்று மோட்டாருக்காக, நாலாயிரம்.
கட்டித் தீர்த்த கடன், ரசீதும் பதிவாகியிருக்கிறது.
அடியில், இரண்டாம் சாட்சி
"மேற்படியார் மகள் ஒச்சம்மாள்".
பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை,
மை கூடிப்போய்
வரியே தெரியாமல்.

சிவனாண்டி உயில் எழுதாமல் செத்தது தொண்ணூற்று ஒன்றில்.
பாகப்பிரிவினை தொண்ணூற்று நான்கில்.
மகன்கள் நாலு பேர், நாலு கையெழுத்து.
எஸ்தர் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார்.
ஐந்தாவது தொடலுக்கு
வெறும் தாள்தான் கிடைத்தது.

"சீர்செனத்தி செஞ்சு கட்டிக்குடுத்தாச்சும்மா.
அந்தக் கெழவி என்னத்தக் கேக்கப்போகுது?"
ஸ்பீக்கரில் தங்கமாயன்.
"அது கேக்காது. அது பேரன் கேப்பான்,
இவங்க காங்கிரீட் போட்ட மறுவருஷம்."
போனை வைத்துவிட்டு என்னிடம்,
"அவங்க அஞ்சாவது ஆளா வந்து விக்கட்டும்.
பங்குப் பணம் அவங்க கணக்குக்கே போகணும்.
அதுவரை பத்து பைசா நகத்தாதீங்க."

நான் தலையாட்டினேன்.
மனசு திருமங்கலம் சார்பதிவாளர் ஆபீஸில் நின்றது.
இரண்டாயிரத்து ஒன்பது, ஆவணி.
அண்ணன் வாங்கித் தந்த ரோஸ்மில்க்.
"அன்பினாலும் பாசத்தினாலும்
பிரதிபலன் ஏதும் பெறாமல்
எனக்குள்ள சகல பாத்தியதையையும்..."
எழுத்தர் வாசித்துக்கொண்டிருக்க
நான் பஸ்ஸுக்கு மணி பார்த்தேன்.
விடுதலைப் பத்திரம் என்று தலைப்பு.

எஸ்தரிடம் சொன்னேன்.
பேனாவை மூடினார்.
"அது செல்லும்" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஒச்சம்மாளை அவர்கள் கேட்கவே இல்லை.
அதனால் அவளுக்குப் பங்கு இருக்கிறது.
என்னிடம் கேட்டார்கள்.

பதிவன்று
கருமாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தாள்.
அண்ணன் தம்பிகள் அவளைப் பார்க்காமல்
சுவரில் இருந்த கட்டண அட்டவணையைப் படித்தார்கள்.
கண்ணாடித் தட்டில் விரல் வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை.
இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
"ரேகை தேஞ்சிருச்சு" என்றான் ஆப்பரேட்டர்.
கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்பிரிட் பஞ்சால்
அந்த விரலைத் துடைத்தேன்,
ரத்தம் எடுக்கும் முன் துடைப்பதுபோல.
ஊதி உலர்த்தி, வைத்து அழுத்தினேன்.
பச்சை விளக்கு.

வெளியே வேப்பமரத்தடியில் போனை நீட்டினாள்.
மெசேஜ் வந்திருந்தது.
"எம்புட்டுன்னு வாசி."
வாசித்தேன்.
"எம்பேரு போட்ருக்கா?"
கணக்கின் கடைசி நாலு எண்தான் இருந்தது.
சொன்னேன்.
"அது நம்ம நம்பர்தான்" என்றாள்.
"இன்னொருக்கா வாசி."