விரட்ட முயன்றீர்களா

விண்ணப்பம் தெலுங்கில் இருக்கிறது.
எனக்குத் தெலுங்கு குப்பம் சந்தையில் வரும், சண்டையில் வரும்,
எழுத்தில் வராது.
செல்போனைத் தக்காளிக் கூடைமேல் சாய்த்துவைத்தேன்.
என்ன நடந்ததோ அதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள் என்றது.
சொன்னேன்:

நேத்து ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும்,
நாய் குரைக்கல, அழுதுச்சி.
அப்பவே தெரிஞ்சிபோச்சி.
மூணு உருப்படி. பெருசு ரெண்டு, குட்டி ஒண்ணு.
கேவுறு பாதி போச்சி,
குச்சி நட்டுக் கட்டின தக்காளி பூரா போச்சி.
சொட்டுநீர்க் குழாயைத் தலைமயிரு மாதிரி உருவிப் போட்டுடுச்சி.
வூட்டுக்காரரு பெங்களூருல ராத்திரி ஷிப்டு.
நான் ஒருத்திதான்.

குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது.
மடை திறந்த பாத்திபோல் கட்டங்கள் நிறைந்தன.
விலங்கு: காட்டு யானை. எண்ணிக்கை: மூன்று.
பரப்பு: அறுபது சென்ட்.
உடனிருந்தோர்: எவருமில்லை.
நாய் அழுததற்குக் கட்டம் இல்லைபோல.
இண்டி பேரு என்ற இடத்தில்
அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு
மு. சம்பூர்ணம் என்று காட்டியது.
இருக்கட்டும். மு-வும் ஒரு வீடுதான்.

எந்தத் திசையிலிருந்து வந்தன?
தெற்கே, தமிழ்நாட்டுக் காட்டிலிருந்து.
எந்தத் திசையில் சென்றன?
அதே தெற்கே.
தின்னது ஆந்திராவுல, லத்தி போட்டது எங்கேன்னு
நான் பின்னாடியே போய்ப் பார்க்கல.
வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பதினேழாவது கட்டம், சிவப்பு நட்சத்திரம் போட்டது.
விலங்கை விரட்ட முயன்றீர்களா? ஆம், இல்லை.
நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
நானாக நிரப்பக் கூடாது என்றது.

சொல்லாமல்தான் விட்டிருந்தேன்.

வெடி கையில் இருந்தது.
தீப்பெட்டி நனையவில்லை.
மோட்டார்க் கொட்டகைப் பக்கத்துச் சேற்றில்
குட்டி வழுக்கியது, எழுந்தது, வழுக்கியது.
பெரியது துதிக்கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத்
தூக்கிப் பார்த்தது,
ஈரச் சாக்கு தூக்குகிறவர்கள் பிடி மாற்றுவார்களே, அப்படி.
இன்னொன்று அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று
என் தக்காளியைத் தின்றுகொண்டிருந்தது.
மருண்டால் மோட்டாரை மிதிக்கும்,
மோட்டார் இருபத்திரண்டாயிரம்,
அதை நினைத்தேனா
வேறு எதையாவது நினைத்தேனா
இப்போது கேட்டால் தெரியாது.
இருபது நிமிடம் நின்றேன்.
இருபது நிமிடத்துக்கு எத்தனை கூடை என்று
எனக்குக் கணக்குத் தெரியும்.

இதையும் சொன்னேன்.

இந்தமுறை உடனே நிரப்பவில்லை.
இல்லை என்று குறிக்கலாம், அதுதான் சரி;
ஆனால் விசாரணை நீளக்கூடும்.
'பாதுகாப்புக் கருதிக் காத்திருந்தார்' என்று குறிப்பில் சேர்க்கவா?
நீங்கள் சொன்னதற்கு அது பொருந்துகிறதா?

பாதுகாப்பு.
யாருடைய என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.
சேரு என்றேன்.

ஓடிபிக்கு வெளியே வர வேண்டும்.
எங்கள் வீட்டில் கட்டிலுக்கு ஆந்திரா டவர்,
மாட்டுக் கொட்டகைக்குத் தமிழ்நாடு டவர்,
அடுப்பங்கரைக்கு இரண்டும் இல்லை.
பாறைமேல் ஏறி நின்றேன்.
முதலில் வேறு செய்தி வந்தது:
தமிழ்நாட்டுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

கீழே உருவிய குழாய் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.
தண்ணீர் சேற்றைச் சுற்றிப் போய்
பெரிய தடங்களில் நிறைந்து,
பக்கத்திலிருந்த சின்னத் தடத்துக்கு
அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அடுத்து எண்கள் வந்தன, ஆறு.
அதை மட்டும்
நானே அழுத்தினேன்.