ஏழு யூனிட்

காசிமேட்டில் ஏலம் ரெண்டரைக்கு.
அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்
எர்ணாவூர் மாடியில்
செல்போன் வெளிச்சத்தில் பேனல் துடைக்கிறேன்.
காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணி பட்டால் விரிசல் விடும்,
அதனால் இந்த நேரம்.
துணியைப் பிழிந்தால் சாம்பல் கரைசல்.
வடக்கே அனல் நிலையத்துப் புகைக்கூண்டில்
சிவப்பு விளக்கு ரெண்டு, தூங்காத கண்.
அங்கே எரிந்தது
இங்கே வந்து படிகிறது.

நாலு பேனல்.
தெற்கே முகம், பதின்மூன்று பாகை சாய்வு.
கடல் கிழக்கே இருக்கு, அது வேற கணக்கு:
ஆணியைத் துரு தின்னும்.
பூட்டிக் கொடுத்த ஜெபசிங் சொன்னான்,
"ஒரு கிலோவாட்டுக்கு நாலு யூனிட்,
உங்களுக்கு ரெண்டு கிலோவாட், எட்டு.
சாம்பல் இல்லாட்டி."

வண்டிக்கு ஏழு யூனிட் பசி.
மூணு சக்கரம், பின்னால் ஐஸ் பெட்டி,
வஞ்சிரமும் காரப்பொடியும் ஏற்றி
தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்தெல்லாம்
சத்தமில்லாமல் போகும்.
அதனால் மீனே மீனேயென்று
நான்தான் கூடுதலாய்க் கத்தணும்.

பகல் பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து
பதினாறு ஆம்ப் பிளக்கைச் சொருகுவேன்.
எர்த் கம்பி ஈர உப்பு மண்ணில் ஆறடி இறங்கியிருக்கு.
ஊரெல்லாம் திட்டுகிற மண்
இது ஒண்ணுக்கு உதவும்.
காலையெல்லாம் மாடி தன்பாட்டுக்குச் சேர்த்தது
கம்பி வழியே தெருவுக்குப் போயிருக்கும்,
பக்கத்து ஹபீபா வீட்டு மிக்ஸியில் அரைபட்டிருக்கும்.
போனதையும் வந்ததையும்
மீட்டர் தனித்தனியே எழுதி வைக்கும்.

மூணு மணிக்குத் தண்ணி டேங்க் நிழல்
கடைசிப் பேனலின் மூலையைத் தொடும்.
ஒரு மூலைதான்.
ஆனால் கரைவலை இழுக்கும்போது
ஒருத்தன் கை தளர்ந்தால்
கயிறு மொத்தமும் தொய்யுமே,
அப்படி.

புயல் போன மூணாம் நாள்
வானம் கழுவிவிட்ட மாதிரி வெயில்.
ஊருக்குக் கரண்ட் இல்லை.
எனக்கென்ன, என் மாடி இருக்கென்று பிளக்கைச் சொருகினேன்.
வண்டி பேசவில்லை.
இன்வெர்ட்டரில் சிவப்பு.
ஐஸ் பெட்டிக்குள் சங்கரா நாலு கிலோ,
தண்ணி விட ஆரம்பித்திருந்தது.

ஜெபசிங்குக்குப் போன் போட்டேன்.
"இன்னாடா வித்துட்டுப் போன?
இவ்ளோ வெயில், ஒரு லைட்டு எரியல!"
அவன் நிதானமாய்ச் சொன்னான்,
"லைன் செத்தா அதுவும் நின்னுடும், அக்கா.
நிக்கணும்.
உங்க மாடி கரண்ட கம்பியில விட்டா
கம்பத்துல இருக்கறவர் கதி?"

எட்டிப் பார்த்தேன்.
தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கம்பத்தில்
இடுப்புக் கயிறோடு லைன்மேன் தேசிங்கு.
வெறும் கையால் கம்பியைப் பிடித்து
முறுக்கிக்கொண்டிருந்தார்.
போனை வைத்தேன். பதில் சொல்லவில்லை.
பிளக்கையும் பிடுங்கினேன்.
தேவையே இல்லை என்று தெரியும்.
ஆனாலும்.

நாலு பத்துக்குத் தெருவில் ஒரு ஓவென்ற கூச்சல்.
ஹபீபா வீட்டு டிவி தானாகக் கத்தியது.
இன்வெர்ட்டர் மட்டும் உடனே நம்பவில்லை,
அஞ்சு நிமிஷம் எண்ணிப் பார்த்துவிட்டு
பச்சைக்கு வந்தது.
அதற்குள் டேங்க் நிழல் பாதி மாடியில்.

தேசிங்கு இறங்கி வந்து தண்ணி கேட்டார்.
குடித்துக்கொண்டே வண்டியைப் பார்த்து,
"எவ்ளோ ஏறிச்சு?"
"அரை யூனிட்டு."
"காசிமேடு போவுமா?"
"போவும். திரும்பாது."
சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.
சங்கரா ரெண்டை அவர் கையில் கொடுத்தேன்,
எப்படியும் விற்காது.

அன்று ராத்திரி முழுக்க
கம்பிக் கரண்டில் வண்டி குடித்தது.
அதே புகைக்கூண்டின் நெருப்பு
என் வாசலில் மெல்ல முணகியது.
ஒன்றரைக்கு எழுந்து
பக்கெட்டோடு மாடியேறினேன்.