செய்கூலி

பதினோரு வருடம் பல் செய்தேன்.
கட்டுகிற பல், மூடுகிற பல், பாலம் போடுகிற பல்.
யாருடைய வாய் என்று தெரியாது.
எண் ஒட்டிய டப்பா வரும்,
உள்ளே மஞ்சள் சாந்தில் ஒரு கடி.
கணினியே பல் கடையும் எந்திரம் வந்து இறங்கியதும்
எங்கள் நால்வரில் மூவருக்குக் கேக் வெட்டினார்கள்.

மெழுகு செதுக்கத் தெரியும், உலோகம் ஊற்றத் தெரியும்.
பல்லுக்கும் மோதிரத்துக்கும் நடுவே
எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்று
பல்லாரட்டில் வாடகை வீட்டின் கார் ஷெட்டில்
மேசையைப் போட்டேன்.
இருந்தது.
பல்லை யாரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை.

முதல் மாதம் முப்பத்தெட்டு ரம்பத் தகடு முறிந்தது.
அமிலத்துக்கென்று பழைய சாமான் கடையில்
ஆறு டாலருக்கு ஒரு ஸ்லோ குக்கர்.
'இதில் சாம்பார் கிடையாது' என்று அதன் நெற்றியில்
நெயில் பாலிஷால் எழுதினாள் செண்பகா.
அவள் இரவு ஷிப்ட் நர்ஸ்.
அவள் தூங்காத தூக்கம்தான்
சுருள் சுருளாக வெள்ளிக் கம்பியாய் வந்து இறங்கியது.

ஜூலை, ஞாயிற்றுச் சந்தை.
கூடாரத்தின் நாலு காலிலும் தண்ணீர் கேன் கட்டியும்
காற்று விடாது.
இடப்பக்கம் தேன்காரர், வலப்பக்கம் சாசேஜ் அடுப்பு.
என் காதணிகள் எல்லாம் வெங்காய வாசனை.
தொட்டுப் பார்ப்பார்கள், காதருகே பிடித்துப் பார்ப்பார்கள்,
அழகு என்பார்கள்,
சாசேஜ் வாங்குவார்கள்.

மெல்பர்னிலிருந்து வந்த நம்மூர்த் தம்பதி
என் தமிழைக் கேட்டு நின்றார்கள்.
"செய்கூலி, சேதாரம் எவ்வளவு போடுறீங்க?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
நானும் சிரித்தேன்.
சேதாரம் தெரியும். ராவிய பொடியை
வாரம் ஒருமுறை கூட்டி நிறுக்கிறேன்.
செய்கூலி?
வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
வெள்ளி, கல், கேஸ், சந்தை வாடகை, கார்டு மெஷின் கமிஷன்.
ஒரு வரியிலும் நான் இல்லை.
"சம்பளம் தராத முதலாளி,
உனக்கு யூனியனும் கிடையாது"
என்றாள் செண்பகா, ஷூ நாடாவை முடிந்தபடி.

ஆகஸ்டில் லொரெய்ன் வந்தாள்.
மருந்துக் குப்பிக்குள்
கணவரின் தங்கப் பல்.
கீழ்க் கடைவாய், இடப்பக்கம்;
கேட்பதற்கு முன்பே என் வாய் சொல்லிவிட்டது.
"விழுந்ததைப் பொருத்திக்கப் போறேன், போறேன்னு
ஒரு வருஷம் சொன்னார் ரஸல்.
அப்புறம் போய்விட்டார்.
இதை மோதிரமாக்க முடியுமா?"

விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
மேடு, பள்ளம், மேடு.
நடுவே தேய்ந்து தட்டையாகி
நெல்லளவு ஓர் இடம்.
எங்கள் லேபில் செய்ததா?
நாங்கள் எதிலும் பெயர் வைத்ததில்லை.
நாக்கு மறந்துவிட்டால் அது நல்ல பல்;
எங்களுக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

உருக்க மனம் வரவில்லை என்றால் பொய்.
உருக்கத்தான் நெருப்பை ஏற்றினேன்.
பல்தங்கம் பிடிவாதக்காரன், சட்டென்று இளகமாட்டான்.
ஓரங்களை உருக்கி வளையமாக இழுத்தேன்.
தேய்ந்த இடத்தை மட்டும் முன்பே அறுத்து எடுத்து வைத்திருந்தேன்.
அதற்கு இரண்டு தகடு முறிந்தது.
கல் உட்காரும் இடத்தில் அதை உட்கார வைத்தேன்.

பில் எழுத மூன்று தாள் கிழிந்தது.
உலோகம்: உங்களுடையது.
சேதாரம்: இந்தச் சின்ன உறைக்குள் இருக்கிறது, அதுவும் உங்களுடையது.
செய்கூலி: ஒன்பதரை மணி நேரம்.
தொகையை எழுதும்போது
என் கை திருடன் கையாகத்தான் இருந்தது.

லொரெய்ன் தாளைப் பார்க்கவில்லை.
மோதிரத்தை விரலில் போடாமல்
வாயருகே கொண்டுபோய்
லேசாகக் கடித்தாள்.
பிறகு, கார்டை எங்கே தட்டணும் என்றாள்.
ஷெட்டுக்குள் மெஷினுக்கு சிக்னல் கிடைப்பதில்லை.
தெருவில் இறங்கி,
குளிரில், இருவரும்,
அதை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
நின்றோம்.