ஈரப்பதம்

பள்ளிக்கூடம் லீவு.
செம்மலரையும் கூட்டிக்கொண்டு போனேன்
வலங்கைமான் கொள்முதல் நிலையத்துக்கு.

களத்தில் காய்ந்த நெல்லில்
வீடு கட்டி
அடுப்படியும் வைத்துவிட்டாள்.
லாரி வரும் நேரம், அதட்டினேன்.
தேவைக்கு மேலேயே.

சாக்குக் கட்டுக்குப் பின்னால்
பேச்சில்லாமல் கிடந்தவள்
ஈரப்பதம் பார்க்கும் மிஷினைத் தூக்கிவந்து
கன்னத்தைக் காட்டினாள்:
"எனக்குப் பாரு."

வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
"இருபத்திரண்டு."
"பதினேழுக்கு மேல போனா எடுக்கமாட்டியே?"

காலையில் ஒருவரை
அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"உன்னை எடுப்பேன்" என்று
தூக்கித் தராசில் நிறுத்தினேன்.
மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை;
எடையைச் சொன்னேன்.
பதினாலு கிலோ எழுநூறு.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே
குனிந்து எண்ணைப் பார்த்தாள்.
"சாக்குக்குக் கழிக்கிற மாதிரி
செருப்புக்குக் கழிச்சுக்கப்பா."