மூன்று கருங்குளம்

கப்பல் பதிவேட்டு நகலில்
ஊர்: காரெங்கூலோம்.
பெயர்: வேலாயுதோம். வயது பத்தொன்பது.
இடது புருவத்தில் தழும்பு.
எழுதிய பிரெஞ்சு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான்.

ரீயூனியன் தீவிலிருந்து படமெடுக்க வந்த
மரி-லோர் வேலாயுதோம்
கேமராவை மடியில் வைத்து
என் காரின் முன்சீட்டில் இருக்கிறாள்.
நாள் வாடகை மூவாயிரத்து இருநூறு, டீசல் தனி.
இந்தப் பக்கம் மூன்று கருங்குளம் மேடம், என்றேன்.
மூன்றுக்கும் போவோம்.

முதல் ஊரில் வெயில், வெள்ளாடு, பூட்டிய ரேஷன் கடை.

இரண்டாவதில் டீக்கடை பெஞ்சு
அவள் முகத்தை ஆளாளுக்குப் பங்கு வைத்தது.
மூக்கு அப்படியே கணக்கப்பிள்ளை வீட்டு மூக்கு.
'முடி நம்ம முடி இல்லையேவே?'
அது அம்மா வழி, மடகாஸ்கர், என்றாள்.
'அது எந்தத் தாலுகா?'

மூன்றாவதில்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார் பால்வண்ணன்.
'பங்கு கேட்டு வந்திருக்காகளா?
அந்த வயலுக்கு எம்பத்தாறுலயே
பட்டா மாத்தியாச்சுன்னு சொல்லும்.'

சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அப்படியென்றால்
இங்கே ஒரு பங்கு இருந்ததா, என்று கேட்டாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை.
அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.
வாய்க்காலைப் பார்த்தார்.
கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

ராத்திரி, வண்ணாரப்பேட்டை லாட்ஜ் வாசலில்
டிரிப் ஷீட் நிரப்பினேன்.
போன இடம்: கருங்குளம், கருங்குளம், கருங்குளம்.
பயணி பெயர் வேலாயுதம் என்று எழுதி
அடித்து
வேலாயுதோம் என்று திருத்தினேன்.
நூற்றுத் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர்.
கையெழுத்து வாங்க மறந்துபோச்சு.